தேயிலைக் கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: நம் டீயும் மற்ற ஊர் டீயும்

பம்பாயில் சயான் ஸ்டேஷனுக்கும் தாராவிக்கும் நடுவில் ஒரு சின்னத் தேயிலைக் கடை என்னுடையது. வருகிறவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள். மகன் சிங்கப்பூரில், மருமகன் ஷாங்காயில் என்று வீட்டுக்கு வீடு யாராவது வெளிநாட்டில் இருப்பதால், புரியாத எழுத்துள்ள ஒரு பாக்கெட்டை நீட்டி "இதை எப்படிப் போடுறது?" என்று கேட்காமல் ஒரு வாரம் போவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, சொன்ன பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

அண்ணாச்சி, கிரீன் டீ, பிளாக் டீ, ஊலாங் எல்லாம் வேற வேற செடியா?

எல்லாம் ஒரே செடிதான். அதில் இரண்டு வகை உண்டு. சீனாவின் சிறிய இலை வகை குளிரைத் தாங்கும். அஸ்ஸாமின் பெரிய இலை வகைக்கு வெயிலும் மழையும் வேண்டும், சாறும் கெட்டியாக வரும்.

வித்தியாசமெல்லாம் கொழுந்தைப் பறித்த பிறகு நடப்பது. பறித்ததும் ஆவியிலோ சூடான சட்டியிலோ காட்டிவிட்டால் பச்சை நிற்கும், அது கிரீன் டீ. வாட்டி, கசக்கி, காற்றுப்பட வைத்து முழுக்கக் கறுக்க விட்டால் பிளாக் டீ, அதாவது நம் வீட்டு டீத்தூள். பாதியில் நிறுத்தினால் ஊலாங். செய்து முடித்த இலையை அடுக்கி வைத்து மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் பழக விடுவது சீனாவின் யுன்னான் பக்கத்து பூஅர். நம் ஊர்ப் புளி போலப் பழசானால்தான் அதற்கு மதிப்பு.

அப்போ சுக்கு டீ, செம்பருத்தி டீ?

அவை கஷாயம். நல்லதுதான், குடியுங்கள். ஆனால் அவற்றில் தேயிலை கிடையாது. கொரியாவில் சாப்பாட்டோடு கொடுக்கும் வறுத்த பார்லித் தண்ணீரும் இதே கணக்குதான்.

பம்பாயில் ஒன்று மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மார்க்கெட்டில் கீரைக்காரர்கள் கட்டுக் கட்டாக விற்கும் எலுமிச்சம்புல்லை மராத்தியில் 'கவ்தி சஹா' என்பார்கள். பார்சி வீடுகளில் அதோடு புதினாவும் சேர்த்து நிஜத் தேயிலையுடன் போடுவார்கள். மழைக்காலத்தில் இதைவிட நல்ல டீ இந்த ஊரில் இல்லை என்பது என் கட்சி.

எங்க ஊர்ல டீக்கடையில குடிக்கிற ருசி பம்பாய்ல ஏன் வரமாட்டேங்குது? தண்ணியா, பாலா?

பாலும் ஒரு காரணம்தான், இங்கே எருமைப் பால் புழக்கம் அதிகம். ஆனால் பெரிய காரணம் போடும் விதம். ஊர் டீக்கடையை நினைத்துப் பாருங்கள். பாய்லரில் தண்ணீர் தனியாகக் கொதிக்கும், பால் தனியாகச் சுடும். துணி வடிகட்டியில் டஸ்ட் என்கிற பொடித் தூள் இருக்கும். மாஸ்டர் அதில் கொதிநீரை ஊற்றி, கிளாஸில் கால்வாசி டிகாஷன் இறக்கி, சர்க்கரையோடு பாலைச் சேர்த்து, கைக்கும் கைக்கும் ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி விட்டு ஆற்றுவார். தூளும் பாலும் சேர்ந்து கொதிப்பதே இல்லை.

இங்கே தப்ரியில், அதாவது தெருவோர டீக்கடையில், எல்லாம் ஒரே பாத்திரம். தண்ணீர் கொதிக்கும்போதே தட்டிய இஞ்சி, சர்க்கரை, தூள் போட்டு, அப்புறம் பாலை ஊற்றுவார்கள். பொங்கும், இறக்குவார்கள். மறுபடி பொங்கும், மறுபடி இறக்குவார்கள். கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றி, கடைசியில் துணியில் பிழிவார்கள். இப்படிக் கொதிக்க வைத்தால் டஸ்ட் தாங்காது, கசந்து சேறாகிவிடும். அதனால்தான் மகாராஷ்டிரா, குஜராத் பக்கம் குருணை பெரிதான அஸ்ஸாம் சிடிசி தூள் ஓடுகிறது, தமிழ்நாட்டில் டஸ்ட் ஓடுகிறது. சிடிசி என்பது கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டும் எந்திர முறை. 1930களில் அஸ்ஸாமில் வந்தது.

தாராவியில் பலர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது இரண்டு கிலோ டஸ்ட் கொண்டு வருகிறார்கள். வந்ததும் அதை இங்கத்து வழக்கப்படி பாலில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டு, "தூள் சரியில்லை" என்கிறார்கள். தூள் சரியாகத்தான் இருக்கிறது. ஒன்று டஸ்டில் டிகாஷன் இறக்குங்கள், இல்லாவிட்டால் அஸ்ஸாம் குருணையைக் கொதிக்க வையுங்கள். இலையைப் பார்த்துத்தான் காய்ச்ச வேண்டும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கும் இதுதான் பதில்.

கட்டிங்னா பாதி டீதானே? மீதி யாருக்கு?

பக்கத்தில் நிற்பவருக்கு. அளவு பாதி, கெட்டி முழுசு. ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை குடிக்கிறவர்களுக்கு முழு கிளாஸ் கட்டுப்படியாகாது, பையும் தாங்காது, வயிறும் தாங்காது.

நம்ம நாட்டுல ஆயிரம் வருஷமா டீ குடிக்கிறோம்தானே? மகாராஜா காலத்துல எல்லாம் இருந்திருக்குமே?

அஸ்ஸாம் மலைப்பக்கத்து சிங்ஃபோ மக்கள் வெகு காலமாகவே குடித்து வந்தார்கள். மூங்கிலில் இலையை அடைத்துப் புகையில் வைப்பது அவர்கள் முறை. 1823-ல் ராபர்ட் புரூஸ் என்ற ஸ்காட்லாந்து வியாபாரிக்கு அந்தச் செடி தெரியவந்ததும் அவர்கள் மூலமாகத்தான். 1839-ல் அஸ்ஸாம் தேயிலை லண்டனில் ஏலத்துக்குப் போயிற்று. நீலகிரியில் 1835-லேயே கேத்தியில் சோதனையாக நட்டிருந்தார்கள்.

ஆனால் அதெல்லாம் கப்பலேறிய சரக்கு. நம் தாத்தா பாட்டிகளின் அடுப்புக்கு டீ வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். 1903-ல் ஏற்றுமதித் தேயிலை மீது ஒரு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் விளம்பரம் ஆரம்பித்தார்கள். உலகச் சந்தை சரிந்து தேயிலை தேங்கிய 1930களில் உள்ளூர்க்காரர்கள் மீது கண் திரும்பியது. ரயில்வே ஸ்டேஷன்களிலும் சந்தைகளிலும் டீ போட்டுக் காட்டினார்கள், எப்படிப் போடுவது என்று பல மொழிகளில் போர்டு வைத்தார்கள். மலிவான சிடிசி தூள் பரவியதும் மீதி வேலை முடிந்தது. ராஜராஜ சோழன் டீ குடித்திருக்க வாய்ப்பில்லை.

டீயைக் கண்டுபிடிச்சது நம்ம காஞ்சிபுரத்து போதிதர்மர்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே, உண்மையா?

கதை அழகான கதை. தியானத்தில் தூக்கம் வந்ததால் போதிதர்மர் கண் இமைகளை அறுத்து எறிந்தார், அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்பார்கள். ஜப்பானிலும் சீனாவிலும் சொல்லப்படுவதுதான். அவர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று பழைய சீன ஏடுகளும் சொல்கின்றன. காஞ்சிபுரம் என்பது பிற்பாடு வந்த வழக்கு.

ஆனால் அவர் காலம் ஐந்து, ஆறாம் நூற்றாண்டு. கி.மு. 141-ல் இறந்த ஹான் வம்சத்துச் சக்கரவர்த்தி ஜிங்கின் சமாதியில் தேயிலை மிச்சங்கள் கிடைத்து, 2016-ல் அதைப் பற்றிய ஆய்வும் வெளியானது. ஆக, போதிதர்மர் போய்ச் சேர்வதற்கு 600 வருடம் முன்பே அங்கே டீ இருந்திருக்கிறது. பௌத்த பிட்சுகள் விழித்திருக்க டீ குடித்தார்கள், அவர்களோடு அது ஊர் ஊராகப் போயிற்று. இமைக் கதையில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. வாட்ஸ்அப்பில் இதைச் சொன்னால் குரூப்பை விட்டு எடுத்துவிடுவார்கள், அது உங்கள் பாடு.

மருமகன் சீனாவிலிருந்து விலை ஜாஸ்தி டீ வாங்கிட்டு வந்தார். பால்ல கொதிக்க வச்சோம், வாயில வைக்க முடியல. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. நீங்கள் கொண்டு வந்து காட்டியது உருட்டிய ஊலாங், ஒவ்வொரு உருண்டையும் மிளகு அளவு. அதில் பால் பட்டாலே மணம் செத்துவிடும். ஒரு சின்னக் கிண்ணத்தில் அடி மறைகிற அளவு போட்டு, கொதித்து அடங்கிய தண்ணீரை ஊற்றி, அரை நிமிடத்துக்குள் வடித்துவிடுங்கள். அதே இலையில் மறுபடி ஊற்றுங்கள். நாலைந்து தடவை தாங்கும், ஒவ்வொரு தடவையும் ருசி மாறும். உருண்டை மெல்ல விரிந்து, கடைசியில் காம்போடு முழு இலை கிடைக்கும். நம் டீத்தூளில் பார்க்கவே முடியாத காட்சி அது.

சீனாவின் தென்கிழக்கில் ஃபூஜியான், சாவ்ஜோ பக்கம் இதையே கொங்ஃபூ என்ற முறையாக வளர்த்திருக்கிறார்கள். கைக்குள் அடங்கும் களிமண் கூஜா, அதற்கேற்ற குட்டிக் கிண்ணங்கள், நிறைய இலை, கொஞ்சம் தண்ணீர். கிளாஸ் நிறைய எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் உட்கார்ந்த இடத்தில் ஒரு மணி நேரம் ஓடிவிடும். கிரீன் டீ என்றால் தண்ணீர் 70, 80 டிகிரிக்கு மேல் வேண்டாம். தெர்மாமீட்டர் இல்லையா? கொதித்த தண்ணீரை ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு இரண்டு முறை மாற்றினால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். நம் கைக்குத் தெரிந்த வேலைதானே.

ஜப்பான்ல ஒரு கப் டீ குடிக்க நாலு மணி நேரமாமே? அவங்களுக்கு வேற வேலை இல்லையா?

முழுசாகச் செய்தால் அவ்வளவு நேரம்தான். நடுவில் சாப்பாடும் உண்டு. கரி அடுப்பு, கெட்டியான டீ, அப்புறம் நீர்க்க அடித்த டீ என்று வரிசையாகப் போகும். வெறும் டீயும் இனிப்புமாகச் சீக்கிரம் முடிகிற கூட்டங்களும் நடக்கும். இதற்கு உருவம் கொடுத்தவர் சென் நோ ரிக்யூ, 1522-ல் பிறந்தவர். அவர் பாணி டீ அறையின் வாசல் இரண்டடிக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும். சாமுராயாக இருந்தாலும் வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்துதான் நுழைய வேண்டும். அப்படிப்பட்டவரை 1591-ல் அவருடைய எஜமான் ஹிதெயோஷியே தற்கொலை செய்துகொள்ளச் சொல்லி உத்தரவிட்டான். டீ அறை சின்னது, அதைச் சுற்றி நடந்த அரசியல் பெரியது.

மேட்சா போலப் பச்சைத் தூளைத் தண்ணீரில் கலந்து அடித்துக் குடிப்பது முதலில் சீன வழக்கம். சோங் வம்சக் காலத்தில் அங்கே போன எய்சாய் என்ற ஜப்பானியத் துறவி 1191-ல் விதையோடு திரும்பினார். பின்னால் 1391-ல் மிங் சக்கரவர்த்தி, அரண்மனைக்கு அமுக்கிய கட்டித் தேயிலை வேண்டாம், இலையாகக் கொடுத்தால் போதும் என்று உத்தரவு போட, சீனா இலைக்கு மாறியது. ஜப்பான் பழையதைப் பிடித்துக்கொண்டது.

அந்த மேட்சா ஏன் அவ்வளவு விலை? பச்சைப் பொடிதானே?

பறிப்பதற்கு முன் மூன்று வாரமாவது செடிக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். அதனால் கசப்பு குறைந்து பச்சை கூடும். பிறகு காம்பும் நரம்பும் நீக்கிக் கல் எந்திரத்தில் அரைப்பார்கள். ஒரு எந்திரம் ஒரு மணி நேரத்தில் 40 கிராம் போலத்தான் தரும், வேகமாகச் சுற்றினால் சூடாகி மணம் போய்விடும். விலை அங்கேயே ஏறிவிடுகிறது. பாந்த்ரா கஃபேக்களில் அதில் பாலும் ஐஸும் சிரப்பும் சேர்த்து விற்கிறார்கள். அப்படிக் குடிப்பதென்றால் உயர்ந்த ரகம் வாங்காதீர்கள், வீண்.

லடாக் டூர் போனப்ப உப்பு டீ கொடுத்தாங்க. பால் திரிஞ்சு போச்சுன்னு நினைச்சேன்.

திரியவில்லை, வெண்ணெய் போட்டிருந்தார்கள். திபெத்திலும் லடாக்கிலும் கட்டித் தேயிலையை வெகு நேரம் காய்ச்சி, வெண்ணெயும் உப்பும் சேர்த்து உயரமான மரக்குழாயில் கடைவார்கள். காய்கறி அரிதான, மூச்சு வறளும் குளிரில் கொழுப்பும் உப்பும்தான் உடம்பைத் தாங்கும். டீ என்பதைவிடச் சூப் என்று நினைத்துக் குடித்தால் இறங்கும். யுன்னான், சிச்சுவானிலிருந்து கோவேறு கழுதைகளிலும் மனித முதுகிலும் மலையேறிப் போன தேயிலை அது. தூரம் போக வேண்டியதால்தான் கட்டியாக அமுக்கினார்கள். இன்னொன்று, நீங்கள் குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கிண்ணத்தை நிறைந்தபடியே விட்டுவிட்டு, கிளம்பும்போது குடித்து முடிக்க வேண்டும்.

காஷ்மீரின் நூன் சாயும் உப்புதான். கிரீன் டீ இலையை ஒரு சிட்டிகை சோடா உப்போடு மணிக்கணக்கில் காய்ச்சினால் டிகாஷன் இரத்தச் சிவப்பாகும், பால் சேர்ந்ததும் ரோஜா நிறமாகும். கலர் பொடி என்று பயப்படாதீர்கள், சோடா செய்யும் வேலை அது. மங்கோலியாவிலும் பால் டீயில் உப்புதான் போடுகிறார்கள்.

மலேசியாவுல டீயை இழுக்கறாங்களாமே? அங்க போய் சர்க்கரை இல்லாம எப்படிக் கேக்கறது?

'தே தாரிக்' என்பது நம் ஊர் மாஸ்டர் ஆற்றுகிற அதே வேலைதான். மேலே ஊர் டீக்கடை பற்றிச் சொன்ன பாய்லர், துணி வடிகட்டி, ஆற்றுவது எல்லாம் அங்கே தமிழ் முஸ்லிம் கடைகளோடு போய்ச் சேர்ந்தது. பாலுக்குப் பதில் டின்னில் வரும் கெட்டிப் பால், அதனால் நுரை நிற்கும். 2024-ல் மலேசியாவின் காலைச் சாப்பாட்டுப் பழக்கத்தை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது நாசி லெமாக், ரொட்டி சானாயோடு இதுவும் சேர்ந்தது. ஹாங்காங் பால் டீயிலும் இதே துணிப் பைதான். டிகாஷன் ஏறி ஏறிப் பை பழுப்பாகிவிடுவதால் அதைக் காலுறை டீ என்றே சொல்கிறார்கள்.

கேட்பது சுலபம். வெறும் 'தே' என்றால் கெட்டிப் பாலும் இனிப்பும். 'தே ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'தே சி' என்றால் இனிக்காத டின் பாலும் சர்க்கரையும். கடைசியில் 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரை கிடையாது. சுகர் உள்ளவர்கள் "தே ஓ கோசோங்" என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இரானி ஹோட்டல் டீ இரான்லேர்ந்து வந்ததா?

ஆட்கள் வந்தது அங்கிருந்து, யஸ்த், கெர்மான் பக்கத்திலிருந்து. டீ இங்கே உருவானது. 1904-ல் தொடங்கிய மரைன் லைன்ஸ் கயானி ஹோட்டல் இன்னும் இருக்கிறது. பளிங்கு மேஜை, வளைந்த மர நாற்காலி, பன் மஸ்காவை, அதாவது வெண்ணெய் தடவிய பன்னை, பால் டீயில் முக்கிச் சாப்பிடுவது எல்லாம் பம்பாய்க்காரர்களின் சொத்து.

இரானில் பால் சேர்க்க மாட்டார்கள். சமோவார் என்கிற வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கெட்டி டிகாஷன் உட்கார்ந்திருக்கும், வெந்நீர் சேர்த்துக் கண்ணாடி கிளாஸில் கொடுப்பார்கள், சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு டீயை உறிஞ்சுவார்கள். அங்கே தேயிலை பயிரிட வைத்தவர் இந்தியாவில் தூதராக இருந்த காஷிஃப் அல்-சல்தனே. இங்கிருந்து நாற்று கொண்டுபோய் லாஹிஜானில் நட்டார். துருக்கியிலும் பால் கிடையாது. தலைக்குக் கணக்கிட்டால் உலகத்திலேயே அதிகம் குடிப்பவர்கள் அவர்கள்தான், நாமல்ல.

உஸ்பெகிஸ்தான்ல ஒரு வீட்டுல அரைக் கிண்ணம்தான் ஊத்தினாங்க. கட்டிங் மாதிரியா, இல்ல கஞ்சத்தனமா?

மரியாதை! கொஞ்சமாக ஊற்றினால்தான் மறுபடி மறுபடி ஊற்ற முடியும், விருந்தாளி இன்னும் இருக்கட்டும் என்று அர்த்தம். விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தால் கிளம்பச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். ஊற்றுவதற்கு முன் மூன்று முறை கிண்ணத்தில் ஊற்றிக் கூஜாவிலேயே திருப்பி விடுவதையும் பார்த்திருப்பீர்கள், டிகாஷன் சமமாகக் கலக்கத்தான்.

இப்படிச் சின்னச் சின்ன ஜாடைகள் நிறைய. கான்டன், ஹாங்காங் பக்கம் யாராவது உங்களுக்கு ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையைத் தட்டுங்கள், நன்றி. கூஜா மூடியைத் திறந்து வைத்தால் வெந்நீர் வேண்டும். துருக்கியில் ஸ்பூனைக் கிளாஸ் மேல் குறுக்கே வைத்தால் போதும்.

பர்மாவுல டீயைச் சாப்பிடுவாங்கன்னு எங்க ஆச்சி சொல்லுவாங்க. நிஜமா?

நிஜம். கொழுந்தை ஆவியில் வேகவைத்து, அமுக்கி மாதக்கணக்கில் புளிக்க விட்டு, எண்ணெய், பொரித்த பருப்பு, எள், பூண்டு, உலர்ந்த இறால் சேர்த்துப் பிசைவார்கள். பெயர் லபெட். முன்பு தகராறு தீர்ந்ததும் இரு தரப்பும் இதைச் சாப்பிடுவது வழக்கம். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் அத்தோ என்ற நூடுல்ஸைச் சென்னைக்குக் கொண்டு வந்தது போல இதையும் கொண்டு வந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

இலங்கை டீ, நீலகிரி டீ ரெண்டுல எது நம்ம டீ?

இரண்டும். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் லூல்கந்துராவில் தேயிலைத் தோட்டம் போட்டார். 1869-ல் தொடங்கிய துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்ததும் மலை முழுக்கத் தேயிலை ஆயிற்று. கொழுந்து எடுத்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து போனவர்கள். 1948-ல் அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமை போனது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசின் டேன்டீ தோட்டங்கள் வந்தன. டீயை எடைபோட்டு விற்கிறவன் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ருசி என்று கேட்டால், அங்கே வீடுகளில் குடிக்கும் பிளேன் டீயை முயன்று பாருங்கள். பால் இல்லாமல், ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு. நீலகிரி இலை ஐஸ் டீக்கு நல்லது, ஆறினாலும் கலங்காது.

முதல் தண்ணியைக் கொட்டிட்டா காஃபின் போயிடும், ராத்திரி குடிக்கலாம்னு டாக்டரே சொன்னார்!

முப்பது விநாடியில் கொஞ்சம்தான் இறங்கும். மீதி அடுத்த கப்பில் வரும். சீனர்கள் பூஅரில் முதல் தண்ணீரைக் கொட்டுவது தூசு போகவும் இலை நனையவும்தான். மேட்சாவில் இலையையே விழுங்குகிறோம், அதனால் அதை ராத்திரியில் தொடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதோடும் சாப்பாட்டோடும் டீ குடிக்க வேண்டாம், உடம்பில் இரும்பு ஏறுவதை டீ தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

மழைக்காலத்துல டீத்தூள் மணமே இல்லாமப் போயிடுதே, ஃபிரிட்ஜ்ல வைக்கலாமா?

வைக்காதீர்கள். தேயிலை ஈரத்தையும் மணத்தையும் இழுத்துக்கொள்ளும், மறுநாள் டீயில் நேற்றைய மீன் குழம்பு மணக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள் என்று என் வியாபாரத்துக்கே விரோதமாகச் சொல்கிறேன். இறுக்கமான எவர்சில்வர் டப்பா, அடுப்பை விட்டுத் தள்ளி, மசாலா அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இல்லாமல். ஈர ஸ்பூன் கூடவே கூடாது. பூஅர் கட்டி மட்டும் விதிவிலக்கு, அதற்குக் கொஞ்சம் காற்று வேண்டும். ஆனால் இந்த ஊர் மழையில் பூஞ்சை பிடித்துவிடும், அதனால் காகிதத்தில் சுற்றி உயரமான அலமாரியில் வைத்து, வாரம் ஒரு முறை எடுத்து முகர்ந்து பாருங்கள்.